கையில் இருந்த பெயர்

அனுசுயாவுக்குப் பத்து வயது நிறைந்த ஆண்டு, ஆடிக் கிருத்திகைத் திருவிழாவில், திருத்தணி மலையடிவாரத்தில் பச்சை குத்தும் எல்லம்மாளின் முன்னால் அவளை உட்கார வைத்தார் தாயார் மணியம்மை. மணியம்மையின் அண்ணன் மகன், அனுசுயாவுக்குப் பாவா முறையான குணசேகரனுக்கே அவள் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தனர். பேச்சு மாறாதிருக்க, மாப்பிள்ளையின் பெயரைப் பெண்ணின் இடது முன்கையில் குத்திவிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்து, ஊசியால் ஆறு எழுத்துகளையும் குத்தி முடித்த எல்லம்மாள், "கட்டையில வேவற வரைக்கும் அழியாது" என்று பெருமையாகச் சொன்னாள்.

அது நடந்தது 1990இல். ஒன்பது ஆண்டுகள் கழித்துக் குணசேகரன் சித்தூரில் வசதியான வீட்டில் பெண் எடுத்தான். பேச்சு மாறியது, பெயர் அனுசுயாவின் கையிலேயே இருந்தது.

அவள் கனகம்மாசத்திரத்தில் பால்வாடி ஆசிரியையானாள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டியே குணசேகரன் குளிர்பானக் கடை வைத்திருந்தான். அவள் பேருந்திலிருந்து இறங்கும்போதெல்லாம், கடையில் நிற்பவர்களிடம், "போர்டு வெக்காமலே நம்ம பேரு ஊரெல்லாம் சுத்திகினு இருக்குது பாரு" என்பான். சித்திரை வெயிலிலும் அவள் முழுக்கை ரவிக்கையே அணிந்தாள். ஆயினும், பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட ரவிக்கைக் கையை மடக்கித்தானே ஆகவேண்டும்? ஒருநாள், எழுத்துக் கற்கத் தொடங்கியிருந்த பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார்கள். நன்றாகப் படித்ததற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவும் முடியவில்லை.

அழித்தே தீருவது என்று அன்று முடிவு செய்தாள். யாரோ சொன்னதைக் கேட்டுச் சேங்கொட்டைப் பாலைக் கடைசி எழுத்தின் மேல் வைத்தாள். தோல் வெந்து தழும்பாயிற்று. தழும்புக்குள்ளும் எழுத்து தெரிந்தது. எல்லம்மாளைத் தேடிப்போய்க் கேட்டபோது, அதன்மேல் பெரிய மயிலாகக் குத்திவிடலாம் என்று அவள் யோசனை சொன்னாள்.

"மயிலுக்கு அடியில அந்தப் பேரு இருக்கும் இல்ல? மறைக்க வேணாங்க, எடுக்கணும்" என்று அனுசுயா எழுந்துவிட்டாள்.

2004இல், தடுப்பூசி போட வந்த செவிலியர் பத்மப்ரியா, சென்னையில் லேசர் ஒளியால் பச்சையை நீக்குகிறார்கள் என்று சொன்னார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ரயிலேறிச் சென்றாள் அனுசுயா. ஒளி தோலைக் கடந்து உள்ளே போய் மையைப் பொடியாக்கும், அந்தப் பொடியை உடம்பே சிறிது சிறிதாக அகற்றிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். கையால் குத்திய கரிப்பச்சை, இயந்திரத்தால் குத்திய பல வண்ணப் பச்சையைவிட எளிதாகவே போகும் என்றார். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாக எட்டு முறை வரவேண்டும்; வெயில் படக்கூடாது; கொடுத்த களிம்பைத் தவிர வேறெதையும் தடவக்கூடாது.

முதல் முறை, கொதிக்கும் எண்ணெய் தெறித்தாற்போல் ஒளியின் ஒவ்வொரு துடிப்பும் சுட்டது. அவள் கையை அசைக்கவில்லை.

மறுநாள் கையில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அனுசுயா பகலில் கண்ணயர்ந்த நேரத்தில், மகளின் எரிச்சலைப் பொறுக்காத மணியம்மை, கோயிலில் தந்த சந்தனத்தைக் குழைத்து அவற்றின்மேல் அப்பிவிட்டார். ஒரே வாரத்தில் புண் சீழ் வைத்தது. புண் ஆறிக் கருமை மறையும்வரை லேசர் கிடையாது, நான்கு மாதம் கழித்து வாருங்கள் என்று மருத்துவர் திருப்பி அனுப்பினார்.

"முருகன் சந்தனம்மா அது. சூடு தணியட்டும்னுதானே வெச்சேன்" என்று மணியம்மை அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரு குத்தவும் நான்தான் கூட்டிகினு போனேன்" என்றார்.

"ஆங். அதனால இனிமே நீயும் கூட வா. குடை புடிக்க ஆள் வேணும்" என்றாள் அனுசுயா.

நான்கு மாதம் கழித்து இருவருமாகப் போனார்கள். ரயிலடி முதல் மருத்துவமனை வாசல்வரை மணியம்மை தம் தலையை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, மகளின் கைக்கு நேராகவே குடையைப் பிடித்தார். எழுத்துகள் வரிசையாகப் போகவில்லை. நடுவிலிருந்தவை முதலில் வெளுத்தன, முதலெழுத்து அடம்பிடித்தது. எட்டு முறை என்பது பத்தாயிற்று. 2006 ஆனியில் ஆறு எழுத்துகளும் இல்லை. சேங்கொட்டைத் தழும்பு மட்டும் எஞ்சியது. அதற்கும் தனிச் சிகிச்சை உண்டு என்றார் மருத்துவர்.

"அது நானே சுட்டுகினதுங்க. இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த வாரம், புதிதாகத் தைத்த அரைக்கை ரவிக்கையுடன் பேருந்திலிருந்து இறங்கியவள், நேராகக் குளிர்பானக் கடைக்கு நடந்தாள். இத்தனை ஆண்டுகளில் அவள் அந்தப் படியேறியது அதுவே முதன்முறை. ஒரு சோடா கேட்டு, இடக்கையை நீட்டினாள். புட்டியை எடுத்த குணசேகரன், அதைக் கொடுக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"தேடாதீங்க பாவா, அங்க இல்ல" என்றாள் அனுசுயா. "போர்டு வேணும்னா கடைக்கு மேல மாட்டிக்கோங்க."

சோடாவை நின்று நிதானமாகக் குடித்துவிட்டுப் பால்வாடிக்குப் போனாள்.