டிவியில் மாட்டும் கம்ப்யூட்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்த்தவள் ஆக்னஸ். ராணுவ வண்டிகளுக்குப் போகிற போர்டுகள். சால்டரிங் அயர்னைப் பிடித்தால் அவள் கை ஆடாமல் நிற்கும். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், "கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள், ரிப்பேர் எதற்கு?" என்று அந்தப் பிரிவையே மூடினார். அந்த மகராசன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நாற்பத்தாறு வயதில் ஆக்னஸ் முத்தாபுதுப்பேட்டை வீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

குமணன்சாவடிப் பக்கம் ஒரு குடோனில் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கணவன் ஆனந்தன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். "நல்ல வேலதான ஆக்னஸ், நெழல்ல நின்னுகினு செய்யலாம்," என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் டேப் ஒட்டப் போய்விட்டால் இந்தக் கை இனி எதையும் சரிசெய்யப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் யாரோ சொல்லி விஷ்ணு வந்தான். வெள்ளானூர் ஃபிளாட்டில் இருக்கும் ஐ.டி. பையன், ஊர் தென்காசிப் பக்கம். சம்பளம் வந்தால் மற்றவர்கள் பைக் வாங்குவார்கள், இவன் எண்பதுகளில் வீடுகளுக்கென்று வந்த பழைய கம்ப்யூட்டர் வாங்குவான். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி தட்டையாக இருக்கும்; மொத்தக் கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே. டிவியில் மாட்ட வேண்டும், புரோகிராமை கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். இப்போது கையில் கொண்டுவந்த ஓடாத ஒன்றை ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் கெஞ்சி வாங்கியிருந்தான்.

"நாலு கடைக்குக் கொண்டு போனேன்க்கா. சிரிச்சு அனுப்பிட்டாங்க. இது ஓடிச்சுன்னா வீட்ல இன்னும் பதினொண்ணு இருக்கு. இத மாதிரி வாங்கிச் சேர்க்கிற எங்க குரூப்புல இருக்கிறவங்களும் உங்ககிட்டதான் அனுப்புவாங்க."

ஆக்னஸ் இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லாமல், "வெச்சிட்டுப் போ தம்பி," என்றாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

டிவியில் மாட்டினால், எழுத்து வர வேண்டிய இடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினாள். வோல்டேஜ் சரியானது, கட்டம் போகவில்லை. விஷ்ணு எடுத்துக் கொடுத்த சர்க்யூட் படத்தில், எந்த சிப்பிலிருந்து எந்த சிப்புக்குக் கோடு போகிறது என்று விரல் வைத்துப் படித்தாள். எட்டு மெமரி சிப்பில் ஒன்று தொட்டால் சுட்டது. அவன் வைத்திருந்த ஸ்பேரைப் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து பார்த்தாலும் அதே கட்டம். அவளுக்கு அவமானமாக இருந்தது.

மதியம் ஆனந்தன் சாப்பிட வந்தான்.

"இன்னா, உசுரு வந்துச்சா?"

"இல்ல."

எட்டிப் பார்த்தான். "மூலைல இன்னா பச்சையா அழுக்கு?"

"அழுக்கு இல்ல, கோட்டிங்கு. அதைக் கீறக் கூடாது."

சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்குச் சுரீர் என்றது. ராணுவ போர்டுகளுக்குத்தான் ஈரம் படாமல் மேலே வார்னிஷ் மாதிரி கோட்டிங் பூசுவார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் கம்பெனியில் தொலைத்துவிடுவார்கள். பிள்ளைகள் விளையாட வாங்கிய கம்ப்யூட்டருக்கு எவன் பூசுவான்? பத்தொன்பது வருஷப் பழக்கம் கண்ணைக் கட்டிவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தேய்த்தாள். பச்சைக் களிம்புக்கு அடியில் மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து வந்தது. மோந்து பார்த்தாள். சந்தனம்.

விஷ்ணுவுக்குப் போன் போட்டாள். "ஆமாக்கா, அந்த வீட்டம்மா பெருமையா சொன்னாங்க. ஓடாம கெடந்தாலும் முப்பது வருஷமா ஒரு ஆயுத பூஜை விட்டதில்லையாம். ஈரத்துணியால தொடச்சு சந்தனம், குங்குமம் வெச்சிருவாங்களாம்."

ஆக்னஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பெனியில் மீட்டருக்குப் பொட்டு வைத்துப் பொரி தின்றவள்தானே அவளும். வருஷா வருஷம் வைத்த பொட்டு கீ இடுக்கு வழியே ஈரத்தோடு இறங்கி, முடி அகலச் செம்புக் கோடு ஒன்றைத் தின்றிருந்தது. இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தாள், சத்தம் வரவில்லை. கோடு அறுந்தது உறுதி. மெல்லிய கம்பியை இழுத்து இரண்டையும் சேர்த்துப் பற்ற வைத்தாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

சுவிட்சைப் போட்டாள். கட்டங்கள் ஒரு நொடி வந்து மறைந்தன. திரை வெளுத்து, கீழே ஒரு வரி எழுத்து வந்து நின்றது. அடுத்து என்ன தட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. உட்கார்ந்து அழுதாள். ஆனந்தன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

திங்கட்கிழமை காலை குடோன் சூப்பர்வைசர் திருமுருகன் போன் செய்தார். வாசலில் ஆனந்தன் ஆட்டோவிலிருந்து விஷ்ணுவின் மற்ற கம்ப்யூட்டர்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"வரலியாம்மா? வேற எங்கயாச்சும் வேலை கெடச்சிடுச்சா?"

"வேற வேலை இல்ல சார்," என்றாள் ஆக்னஸ். "என் பழைய வேலையேதான்."