துருத்தல் குறைந்த லாரி

தொப்பூர் கணவாயில் நெடுஞ்சாலை ரோந்து வண்டி ஓட்டிய காலத்தில் எங்கள் வாயில் ஓயாமல் புழங்கிய சொல் ‘துருத்தல்’. இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது என்று பொருள். ஊரில் பல் துருத்தும், தொப்பை துருத்தும். எனக்கு இரண்டும் உண்டு. ஆனால் ரோந்துக்காரர்களுக்கு அதற்கு ஒரே பொருள்தான்: லாரி பாடிக்குப் பின்னால் நீட்டும் பாரம். மைக்கில் “துருத்தல் வருது” என்றால், பின்னால் வரும் வண்டிகளை விலக்க வேண்டும். அதனால் எங்கள் கண் எப்போதும் லாரியின் பின்பக்கத்திலேயே இருக்கும்.

ஒருநாள் காலை, சேலம் பக்கம் இறங்கவிருந்த கம்பி லாரி ஒன்றைக் கணவாய்த் தொடக்கத்தில் பார்த்தோம். கம்பிகள் ஒரு கை நீளம் துருத்திக்கொண்டிருந்தன. நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மெதுவாகப் போகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே சென்றோம்.

சில வளைவுகள் தாண்டியதும் அந்தத் துணி பாடிக்குள் போயிருந்தது.

என்னோடு வேலை பார்த்த சகாயம் மைக்கும் கையுமாகச் சிரித்தான். “நல்லதாப் போச்சுங்கண்ணா, துருத்தல் கொறஞ்சிருச்சு!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பி என்ன தேய்ந்தா போகும்? இறக்கத்தில் பிரேக் போடப் போட, மொத்தப் பாரமும் முன்னால் நழுவுகிறது! முன்னால் இருப்பது கேபின். மைக்கைப் பிடுங்கி ஒலிபெருக்கியில் கத்தினேன்.

“அண்ணே! பிரேக்க அழுத்தாதீங்க! கம்பி முன்னாடி வருது! கியரக் கொறச்சு எடப்பக்கம் மண்மேட்டுல ஏத்துங்க!”

நல்லவேளை, டிரைவர் ஏன் எதற்கு என்று யோசிக்கவில்லை. லாரி முக்கி முனகி மேட்டில் ஏறி நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சீட்டுக்குப் பின்னால் தகடு புடைத்திருந்தது. ஒரு கம்பி அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. அங்கே பெர்த்தில் டிரைவரின் மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கம்பி முனைக்கும் அவர் காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

“இஞ்சின் சத்தத்துல கம்பி நழுவுனது கேக்கவே இல்லீங்க,” என்றார் டிரைவர்.

மச்சான் கண்ணைக் கசக்கினார். “என்னா மாமா, சேலம் வந்திருச்சா?”

நாங்கள் மூவரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். பிறகு டிரைவர் அழுதுவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: துருத்தல் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது எந்தப் பக்கம் போயிற்று என்று பாருங்கள். அந்தப் பக்கம் ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.