அடித்த கோடு

போன வாரம் மகன் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரசம் ஆறுவதுகூடத் தெரியாமல் எதையோ படித்துக்கொண்டிருந்தான். ஓசூரில் மென்பொருள் வேலை அவனுக்கு. என்னடா என்று கேட்டேன். அவர்கள் பயன்படுத்தும் கம்பைலருக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம், இன்னின்ன புது பிராசசர்களுக்கெல்லாம் அதில் வசதி சேர்த்திருக்கிறார்களாம். ஏழெட்டு வசதிகளை உற்சாகமாக வாசித்தவன், கீழே வரம்புகள் என்று ஒரு தலைப்பு வந்ததும் விரலால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டான். அதையும் படி என்றேன். அது நமக்குத் தேவைப்படாதும்மா என்றான். நான் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கம்பைலர் என்றதும் பயந்துவிடாதீர்கள். நாம் எழுதும் சூத்திரங்களை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது, அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில் பென்னாகரத்தில் அந்தச் சொல்லைத் தெரிந்த ஒரே பெண் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. கணக்கில் பி.எஸ்சி. கம்பும் துவரையும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகும்போதுகூட ஜாக்கெட்டில் பேனா செருகியிருப்பேன். பூசையில் பேனாவுக்கு என்ன வேலை என்று எங்கள் அம்மா கேட்டும் நான் விட்டதில்லை.

ஆற்று நீரை அளக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் கணக்கீட்டாளராக இருந்தேன். மூன்று மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு வயர்லெஸ் பெட்டி. ஆற்றின் மேல்பக்கம் நட்டிருந்த அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். அத்தனை அடிக்கு விநாடிக்கு எத்தனை கன அடி வரத்து, அந்த வரத்துக்குக் கீழே ஏரியூர்ப் பக்கத்து அணைப் படுகையில் தண்ணீர் எந்தக் கல் வரை ஏறும் என்று பார்க்க எங்களிடம் ஒரு அட்டவணை இருந்தது. படுகையில் மேட்டை நோக்கி மூன்று கற்கள் நட்டிருந்தார்கள். முப்பத்தைந்தாயிரம் கன அடியைத் தாண்டினால் தண்ணீர் இரண்டாம் கல்லைத் தொடும்.

அட்டவணையைப் போட்டுத் தரும் இயந்திரம் எங்களிடம் இல்லை. நான் தாளில் எழுதும் எண்கள் பஸ் ஏறிப் போகும். நகரத்தில் அவற்றை அட்டையில் துளையிட்டு, இயந்திரத்தில் ஓட்டி, நீளமான மடிப்புத் தாளில் விடையை அச்சடித்து அனுப்புவார்கள். கட்டைப் பிரித்தால் புதுத் துணியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அன்றைக்கு அதை ஆசை ஆசையாக இழுத்து முகர்வேன். இன்றைக்கு ஜவுளிக்கடையில் சேலையைப் பிரித்துப் போட்டால் நான் எழுந்து கடை வாசலுக்குப் போய்விடுகிறேன். இந்தக் கதை தெரியாத மருமகள், அத்தைக்கு எந்தச் சேலையும் பிடிக்காது என்று முடிவே கட்டிவிட்டாள்.

முதலில் எங்கள் தாள்கள் மெட்ராஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. அங்கே இருந்தது பெரிய இயந்திரம், விடை வர ஒரு மாதமாகும். பிறகு பெங்களூரில் சின்னதாகப் புது இயந்திரம் ஒன்று வந்தது. பத்தே நாளில் விடை வந்துவிடும். அதற்கென்று வந்த புதுக் கம்பைலர் என்னென்ன செய்யும் என்று நான்கு பக்கக் குறிப்பும் கூடவே வந்தது. பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு போடுமாம், எங்கே பிழை என்று வரி எண்ணோடு காட்டுமாம். வசதிகள் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. மூன்றாம் பக்கத்தில் வரம்புகள். முழு எண் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைதான் அந்த இயந்திரத்துக்குள் அடங்கும், தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விழும் என்று அதில் ஒரு வரி.

அலுவலகத்தில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் எங்கள் அதிகாரி. வசதிகளை அலங்காரமாக எழுதினேன். அடியில், ‘வரம்புகள் நமக்குப் பொருந்தா’ என்று போட்டு முடித்துவிட்டேன். நாங்கள் அனுப்பும் தாளில் இருப்பதெல்லாம் பன்னிரண்டு அடி, பதினைந்து அடி. அவ்வளவு பெரிய எண் எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். உள்ளே போகும் எண்ணைப் பார்த்தேனே தவிர வெளியே வரும் எண்ணை யோசிக்கவில்லை.

அட்டவணை வந்தது. இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரே வரியில் பதினைந்து அடிக்கு நேராக மைனஸ் 25,536 என்று இருந்தது. அதிகாரியிடம் காட்டினேன். அவர் கன்னடம் பேசும் குடும்பத்துக்காரர், யாரையும் கடிந்து பேசாத மனுஷர். சின்னப் பிழைகளுக்காகத் தாளைத் திருப்பி அனுப்புவது எங்கள் அலுவலகத்தில் வழக்கமில்லை. அனுப்பினால் இன்னொரு பத்து நாள் போய்விடும். சிவப்பு மையில் நாங்களே திருத்திக்கொள்வோம்.

“ஆறு மேட்டப் பாத்து ஓடுமாம்மா? அட்ட குத்துனவங்க கை தவறியிருக்கும். முன்னால இருக்கற அந்த மைனஸ் கோட்ட அடிச்சுடுங்க,” என்றார்.

அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அதற்கு முந்தைய வரி முதல் பக்கத்தின் கடைசியில் இருந்தது. பதினான்கு அடிக்கு முப்பத்தோராயிரத்துச் சொச்சம். மட்டம் ஓரடி ஏறினால் வரத்து எப்படிக் குறையும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அணையில் தண்ணீர் வடிந்ததும் படுகை நிலத்தில் கம்பும் எள்ளும் விதைப்பவர்கள் அன்றைக்கு நிறையப் பேர். மாரப்பன் அவர்களில் ஒருவர். இரண்டாம் கல்லுக்குப் பக்கத்து மேட்டில் குடிசை போட்டு, மனைவி பச்சையம்மாவோடும் இரண்டு எருமைகளோடும் அறுப்பு முடியும்வரை அங்கேயே இருப்பார். தண்ணீர் வரும் காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எந்தக் கல் வரைக்கும் வரும் என்று கேட்டுப் போவார். வானத்தைவிட எங்கள் தாளைத்தான் நம்புவார்.

அந்த ஆடியில் மேலே கன்னட தேசத்தில் மழை விடவில்லை. ஆற்றின் நிறம் மாறிவிட்டது என்று பரிசல்காரர்கள் சொன்னார்கள். படுகையில் மற்றவர்கள் ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். காலையில் வயர்லெஸ்ஸில் பதினைந்து அடி என்றார்கள். மதியம் மாரப்பன் வந்து நின்றார்.

“எல்லாரும் மேல ஏறச் சொல்றாங்க. கதுரு இன்னும் நாலு நாளு நிக்கணும். தாங்குமாங்க?”

நான் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். திருத்திய 25,536 பளிச்சென்று இருந்தது, முப்பத்தைந்தாயிரத்துக்கு வெகு கீழே.

“ரெண்டாங் கல்லத் தொடாதுங்க. பயப்படாம இருங்க,” என்றேன்.

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்காமல் போகிறது.

மறுநாள் அவர் அறுப்புக்கு ஆள் கூப்பிட ஏரியூருக்குப் போயிருந்தார். தண்ணீர் முன்னால் வரவில்லை. குடிசைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் சத்தமில்லாமல் புகுந்து மேட்டைச் சுற்றிக்கொண்டது. அவர் ஆட்களோடு திரும்பி வந்தபோது நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இழுப்பில் பரிசல் போடமுடியாது என்றுவிட்டார்கள். பச்சையம்மா எருமைகளை அவிழ்த்துவிட்டதை இக்கரையிலிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். எருமைகள் நீந்திக் கரையேறின.

செய்தி வந்ததும் அலமாரியிலிருந்து அந்த நான்கு பக்கக் குறிப்பை எடுத்தேன். மூன்றாம் பக்கத்தை வைத்துக்கொண்டு பென்சிலால் கணக்குப் போட்டேன். அந்த இயந்திரத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு, அதில் அந்த எண்ணைக் கழித்தால் நாற்பதாயிரம். பதினைந்து அடிக்கு உண்மையான வரத்து அதுதான். அதிகாரியிடம் காட்டியபோது குறிப்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு, வெளியே சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லவில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னேன். சாமியாருக்கு மைனஸும் புரியவில்லை, இயந்திரமும் புரியவில்லை. எண்ணில் பிழை பாவமாகாது மகளே என்று ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டது. ஏசத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. மாரப்பன் ஏசவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

“அம்மா, அந்தத் தாளப் பாத்து ஒண்ணு சொல்லுங்க. தண்ணி வடியறப்போ எந்தக் கல்லுகிட்ட ஒதுக்கும்? அங்க போயித் தேடறோம்.”

அந்தத் தாளில் அதற்கு விடை கிடையாது. எந்த இயந்திரத்திலும் கிடையாது. ஆனாலும் திறந்தேன். சிவப்பு மை பட்ட இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மூன்றாம் கல்லுக்குக் கீழே பாருங்க என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். நான் சொன்ன இடத்தில் ஐந்து நாள் தேடியிருக்கிறார்கள்.

அலுவலகம் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பெங்களூர் இயந்திரம் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியாது. அந்தக் கற்கள் சேற்றுக்குள் போய்விட்டன. பச்சையம்மா கிடைக்கவேயில்லை. கோட்டை அடித்தது நான்தான் என்று மாரப்பனிடம் சொல்ல முப்பது வருஷம் இருந்தது. சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.