ஐந்து மீட்டர் ஜரிகை

பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் புலி என்பதை வீட்டில் யாரும் நம்பவில்லை. நம்பவைக்க எனக்கு வாய்த்த இடம் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு லேஸ் கடை.

பெரியப்பா மகளான அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு அத்தை குடை மாதிரி விரியும் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். கீழ்க்கட்டளையில் அத்தை தைக்கும் ஜாக்கெட்டைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் குடைப் பாவாடை அதுதான் முதல். துணி போதாததால் முழு வட்டம் முக்கால் வட்டமானது. கால் வட்டத் துண்டுகள் மூன்று. ஓர ஜரிகைக்காக ஒவ்வொரு துண்டிலும் டேப்பை மூலைக்கு மூலை விறைப்பாக இழுத்து அளந்தாள். மூன்றும் சேர்ந்து நாலரை மீட்டர்.

அக்கா ஆசைப்பட்ட பச்சை ஜரிகை கடையில் கடைசி ஐந்து மீட்டர்தான் இருந்தது. "நாலரை போதும்" என்றாள் அத்தை. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் மிச்ச அரை மீட்டரை ஜாக்கெட் கைக்குக் கேட்டார். கடைக்காரர் கத்தரியை எடுத்துவிட்டார்.

நான் ஜரிகையைப் பிடித்துக்கொண்டேன். "வெட்டாதீங்கண்ணா. அத்தை, நீ நேரா அளந்துட்ட. ஓரம் வளைஞ்சுல்ல போகுது?"

"சும்மா இருடி, பெரிய மனுஷி."

அத்தை வட்டம் போட்டபோது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவள் நான்தான். கயிறு 105 சென்டிமீட்டர். பில் புத்தகத்தை வாங்கி அதன் பின்பக்கம் எழுதினேன். மையக் கோணம் 270. அது 360இல் முக்கால். 2 × 22/7 × 105 = 660. அதில் முக்கால் 495.

கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். "பாப்பா சொல்றது கரெக்ட்டும்மா. அஞ்சும் எடுத்துக்குங்க."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அத்தை ஜரிகையைப் பைக்குள் திணித்துக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மூன்றாம் நாள் ஓரம் தைத்து முடித்தபோது, ஜரிகை சுற்றி வந்து சேர்ந்து இரண்டு விரல் மிச்சமிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிச்சயதார்த்தப் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும், இலை போடுவதற்கு முன்பே, அது என் கணக்கு என்று சொல்லிவிட்டேன். அத்தை ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

போன வருடம் என் மகளுக்கு அதேபோல் ஒன்று தைத்தேன். கொக்கியில் மாட்டி ஒரே நாளில், வட்டத்தில் இழை சாய்வாக விழுந்த இடங்களில் துணி தன் பாரத்திலேயே இழுபட்டு, ஓரம் அங்கங்கே ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிவிட்டது. கணக்குப் போட்டு வாங்கிய ஜரிகை அரைச் சாண் குறைந்தது. அப்போதுதான் விளங்கியது. அந்த மூன்று நாளில் அத்தை தரையில் மண்டியிட்டு, இறங்கிய துணியைச் சுற்றிலும் நறுக்கி, பாவாடையை மறுபடி 105க்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம்தான் என் ஐந்து மீட்டரைத் தைத்திருக்கிறாள்.