பதில் சொல்ல ஒரு ஆளை அனுப்பு

நம் செவ்வாய்க்கிழமை பஜனையில் எழுந்து நின்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் கோபம் முந்திக்கொள்ளும், முருகன் செய்தது பின்னால் போய்விடும். அதனால் எழுதித் தருகிறேன். கோபம் இதிலும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம் என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்தார். சாலைக் கடைவீதியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். மேல் தட்டிலிருந்து கீல் பெட்டியை இறக்கும்போது கால் வழுக்கிவிட்டது. பெட்டியை விட்டிருந்தால் ஏணியைப் பிடித்திருக்கலாம். முதலாளி சாமான் என்று விடவில்லை. தொடை எலும்பு முறிந்தது. வயது ஐம்பத்தொன்பது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தகடு வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும், சர்க்கரைக்காரருக்குப் புண் வந்தால் லேசில் ஆறாது, சீக்கிரம் முடிப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் என்ற அந்த வார்த்தையை நானும் நம்பினேன்.

அந்த வார்டுக்கு ஆபரேஷன் நாள் செவ்வாயும் வெள்ளியும். முதல் செவ்வாய்க்கு முந்தின ராத்திரியே, "இனி பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் பகல் முழுவதும் உதடு காயக் கிடந்தார். மூன்று மணிக்கு அட்டெண்டர் வந்து, "இன்னு இல்லா", இன்றைக்கு இல்லை என்று மலையாளத்தில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போனார். மயக்க மருந்து டாக்டர் லீவாம். அது காலையில் தெரியாதா? தெரியும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தகடு வந்து சேரவில்லை. அதையும் மூன்று மணிக்குத்தான் சொன்னார்கள். நர்ஸிடம் கேட்டால் டாக்டரைக் கேள் என்றார்கள். டாக்டரைப் பிடித்தால் தியேட்டரில் கேள் என்றார். தியேட்டர் வாசலில் நின்ற காவலாள், வார்டில் போய்க் கேட்கச் சொன்னார். நான்கு மாடி ஏறி இறங்கினேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. ஒருவர்கூடப் பதிலும் சொல்லவில்லை.

அவருக்கு மட்டும் சிரிப்பு போகவில்லை. "ஏட்டீ, முருகன்கூட விரதத்துக்குப் பாலும் பழமும் விட்டு வச்சிருக்கான். இவனுவ அதையும் புடுங்கிட்டானுவளே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் நேரானால் வெள்ளியில் ஒரு கால் செய்து உண்டியலில் போடுகிறேன் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன்.

இனிதான் சொல்லக் கூசுகிற இடம்.

இரண்டாவது செவ்வாய். அன்றும் மூன்று மணி, அன்றும் "இன்னு இல்லா". காரணம்கூடச் சொல்லவில்லை. அந்த வார்டில் அறுபது பேருக்கு இரண்டே நர்ஸ். அதில் ஒரு பெண், பிந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓடி வந்து சர்க்கரை பார்த்து, இன்சுலின் போட்டு, உடனே சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். டிபன் டப்பாவில் இட்லி இருந்தது. நான் திறக்கவில்லை. "எப்படியும் மூணு மணி வரைக்கும் பட்டினி கெடந்தாச்சு. செவ்வாக்கெழம வேற. வெளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பொறுத்தீங்கன்னா வெரதக் கணக்குல சேந்திரும்" என்று அவரிடம் சொன்னேன். நான் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நாலரைக்கு அவர் சட்டை நனைந்திருந்தது. மின்விசிறி சுற்றுகிறது, இவருக்கு வேர்வை வழிகிறது. கூப்பிட்டால் என்னை யாரோ போலப் பார்த்தார். கை நடுங்கியது. நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பியது. பிந்து ஓடி வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் வேண்டினேன். "முருகா, அற்புதம் எதுவும் கேக்கல. இந்தக் கட்டடத்துல பதில் சொல்ல ஒரே ஒரு ஆளை அனுப்பு." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. குளுக்கோஸ் ஏறிக் கால் மணி நேரத்தில் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் அழுதேன். அழுகை நின்றதும் கோபம் வந்தது. அதே சூட்டில் புகார் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. பக்கத்துக் கட்டிலில் அப்பாவுக்குத் துணையாக வித்துராவிலிருந்து வந்திருந்த ரமணி எழுதித் தந்தாள். பிந்து கவனிக்காததால் என் கணவர் சாகப் பார்த்தார் என்று, அவள் பேரைப் போட்டே எழுதச் சொன்னேன். பிந்து இரண்டடி தள்ளி நின்று ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. திரும்பி, சத்தமே இல்லாமல், "சேச்சி, ஞான் மூணு மணிக்கு கழிக்கான் பறஞ்ஞதல்லே?" என்றாள். சாப்பிடச் சொன்னேனே என்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜை மேல் அவளுடைய சோற்றுப் பொதி காலையில் கட்டிய கயிறு அவிழாமல் இருந்தது. அவளும் அன்று சாப்பிடவில்லை.

அந்தத் தாளைக் கிழித்தேன். பிந்து கிழிக்க வேண்டாம் என்றாள். "என் பேர் போட்டாலும் சரி. பக்ஷே எழுதணம் சேச்சி. ஆபரேஷன் இல்லைன்னு எங்களுக்கும் மூணு மணிக்குத்தான் தெரியும். நாங்க பறஞ்ஞா ஆரும் கேக்காது. கூட்டிருப்புக்காரங்க எழுதினா கேக்கும்" என்றாள். நோயாளிக்குத் துணை இருப்பவர்களை இங்கே கூட்டிருப்பு என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவது தாளில் முதலில் என் தப்பை எழுதச் சொன்னேன். ரமணி தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு, "அதெல்லாம் எழுதினா உங்களைத்தான் குற்றம் பறவாங்க அக்கா" என்றாள். பரவாயில்லை, எழுது என்றேன். ஊசி போட்டபின் சாப்பாட்டைத் தடுத்தது நான், நர்ஸ் அல்ல. பிறகு எங்கள் கேள்விகள். ஆபரேஷன் இல்லை என்று முடிவு செய்வது யார்? அதை எத்தனை மணிக்குச் சொல்வீர்கள்? சர்க்கரைக்காரர்களை எதற்குக் கடைசிவரை காக்க வைக்கிறீர்கள்? கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். விழிஞ்ஞத்து மீன்காரர் ஒருவர் கட்டுப்போட்ட இடது கையைக் காட்டி, வலது கைப் பெருவிரல் செல்லுமா என்று கேட்டு வைத்தார்.

அன்று ராத்திரியே அதை ஆஸ்பத்திரிப் புகார்ப் பெட்டியில் போட்டேன். மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி சூப்பிரண்டு டாக்டரே வந்தார். நரைத்த தலை, ரப்பர் செருப்பு. நான் எழுந்து நின்றேன். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, தத்தித் தத்தித் தமிழில் பேசினார். "புகார் தினம் வரும். தன் தப்பை முதல்ல எழுதின புகார் இப்பத்தான் வாசிக்கிறேன். அதனால ஒளிக்காம சொல்றேன். லிஸ்ட் காலையிலயே தெரியும். சொல்றதுக்கு ஆளை வைக்கலை. அது என் தப்பு."

முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு ஆள் கேட்டேன், வந்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வார்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். இன்று யாருக்கு ஆபரேஷன், யாருக்கு இல்லை, ஏன் இல்லை. சர்க்கரைக்காரர்கள் பேர் மேலே. முதல் பேர் என் வீட்டுக்காரர். கீழே "இல்லை" என்று போட்டிருந்த இரண்டு பேரும் ஒன்பது மணிக்கே புட்டும் பழமும் தின்றார்கள். அதைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷம், அவர் ஆபரேஷன் முடிந்து தியேட்டர் கதவு திறந்தபோது வந்த சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

இப்போது அவர் வாக்கர் பிடித்து நடக்கிறார். கடைக்குப் போக அவசரப்படுகிறார், நான் விடவில்லை. எனக்கு விரதம் உண்டு, அவருக்கு இனி கிடையாது. முருகனிடம் சொல்லியாயிற்று, அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

பல நாள் யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அவன் அனுப்பிய முதல் ஆள் சூப்பிரண்டு டாக்டர் அல்ல. நான்தான். என் தப்புக்கு நான் பதில் சொல்லும்வரை அவன் அடுத்த ஆளை அனுப்பவில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான்.

போன செவ்வாய் அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். பழைய வார்டை எட்டிப் பார்த்தேன். கதவில் தாள் இல்லை. மணி ஒன்பது. உள்ளே யாரோ ஒரு பெரியவர் உதடு காயப் படுத்திருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பிந்து அங்கே இல்லை, வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். புது நர்ஸிடம் லிஸ்ட் எங்கே என்று கேட்டேன். "இப்போ ஒட்டாம், சேச்சி ஆரா?" என்றாள். இதோ ஒட்டுகிறேன், நீங்கள் யார் என்கிறாள். யாரும் இல்லை, ஒட்டும்வரை இங்கே நிற்கிறேன் என்றேன். பத்து நிமிடத்தில் ஒட்டினார்கள். அந்தப் பெரியவருக்கு அன்று ஆபரேஷன் இல்லை. அவருடைய மகள் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டபடி வெள்ளியில் செய்த காலை உண்டியலில் போட்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிடந்தால் முருகனிடம் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், நிச்சயம் ஆளை அனுப்புவான். அந்த ஆள் நீங்களாக இருந்தால், தயவு செய்து ஓடிப்போய்விடாதீர்கள்.