மூன்று பொத்தான் வைத்த கையுறை

உலகத்தில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேரின் சட்டை ஒழுங்காக மூடிக்கொள்வது என் பக்கத்து வீட்டுக்காரியின் தயவால்தான். அவள் மட்டும் ஊசியைத் தொடாமல் இருந்திருந்தால் ஊரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கும். சரி, பாதிப் பேர் என்பது கொஞ்சம் அதிகம்தான். நாலு தையற்கடை, ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை, என் வீட்டுக்காரரின் சட்டைகள் ஆறு. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் காஜா எடுப்பதில், அதாவது பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூலால் கரை கட்டுவதில், அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதில் நான் ஒரு நூலிழைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவளுக்குக் காஜாக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இரண்டு அறை வீடு. முன்னறை ஜன்னலோரம் ஒரு குட்டை நாற்காலி. இடது பக்கம் துளை போடாத சட்டைகள், வலது பக்கம் முடிந்தவை. நடுவில் அவள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். மகளுக்கு ஒரு வயது முடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருந்தது அந்தப் பெண் மட்டும்தான்.

ஒரு மத்தியானம் அவள் வீட்டுப் பரணிலிருந்து பெரிய பாத்திரம் ஒன்று விழுந்தது. அடுத்த வீட்டில் நாற்காலியில் இருந்த நான் ஒரு முழம் எழும்பினேன். ஓடிப் போய்ப் பார்த்தால், பாத்திரம் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. "அடேயப்பா, என்னா தூக்கம்! குடுத்து வச்சவ" என்றேன். படித்தவள், அதுவும் பள்ளிக்கூட டீச்சர், பேசுகிற பேச்சு அது. காஜாக்காரி சிரிக்கவில்லை. குழந்தையின் காதருகே கைதட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். பிறகு தட்டிக்கொண்டே இருந்தாள்.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் ஒருத்தியிடம் போனார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். "கையைக் காட்டி எதைக் கேட்டாலும் குடுக்காதீங்க. நீங்களும் கையை அசைக்காதீங்க. கைக்குப் பழகிட்டா வாய் சோம்பேறி ஆயிடும். அப்புறம் பேச்சே வராது."

சொன்னதைச் செய்வதில் காஜாக்காரி கெட்டி. குழந்தை தண்ணீர்ப் பானையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். 'த' என்று உதடு அசைந்தால்தான் தண்ணீர். அப்படியும் குழந்தையின் கை சும்மா இருக்கவில்லை. அதனால் ஒரு கோட்டுத் துணியின் மிச்சத்தில் கையுறை தைத்தாள். விரல் பிரியாத, பை போன்ற கையுறை. உறுத்தக் கூடாதென்று உள்ளே மெத்தென்ற துணி. மணிக்கட்டில் மும்மூன்று பொத்தான். அவள் ஆயுசில் எடுத்த காஜாக்களிலேயே அந்த ஆறும்தான் அழகு. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அந்தக் கையுறைக்குள் கைகள் அடங்கியிருக்க, குழந்தை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் கையுறையைத் திருப்பிப் பார்த்து, "என்ன நேர்த்திடி!" என்று மெச்சினேன். வேறு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

எட்டு வயதில் பெண்ணுக்குப் பதினாலு சொற்கள் வந்தன. அதில் பத்து, தாய்க்கு மட்டும் விளங்கும். அம்மா என்பது 'பப்பா' என்று வரும்.

ஒன்பதாவது வயதில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில், ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. நாலு மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். சத்தமே இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு அங்கே நல்ல பாடம். முற்றத்தில் முப்பது பெண்பிள்ளைகள்; ஒருத்தியைக் கூப்பிட இன்னொருத்தி தரையை உதைக்கிறாள், தோளைப் பிடித்து உலுக்குகிறாள், சிரிப்புச் சத்தம் கூரையைப் பிய்க்கிறது. நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தது நம் பெண். பத்து விரலும் பறக்கின்றன. கன்னம் உப்புகிறது, கண் உருளுகிறது. யாரோ ஒரு குண்டு மனிதர் வழுக்கி விழுந்தார் என்று எனக்கே புரிந்தது.

"வந்து நாலே மாசம்தான்" என்றாள் வார்டன். "யாரும் உக்கார வச்சு சொல்லிக்குடுக்கல. பெரிய பொண்ணுங்ககிட்டேருந்து ஒட்டிக்கிச்சு, சளி ஒட்டிக்கிற மாதிரி."

அப்போது பெண் திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். பறந்துகொண்டிருந்த இரண்டு கைகளும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. விறைப்பாக நின்று, வாயை நன்றாகத் திறந்து, "பப்பா" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் காஜாக்காரி டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தாள். இறங்கும் இடம் வந்த பிறகுதான் சொன்னாள்.

"என்னப் பாத்ததும் பேச்ச நிறுத்திட்டா டீச்சர்."

"என்னடி, வாயத் தெறந்து கூப்பிட்டாளே!"

"நான் வாயைச் சொல்லல."

அன்றைக்கு முடிவு செய்தாள், கைமொழி கற்பதென்று. வயது நாற்பத்திரண்டு.

பின்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் காது கேட்காது, அவர் மனைவிக்கும் கேட்காது. வாசல் பொத்தானை அழுத்தினால் உள்ளே மணிக்குப் பதில் பல்பு எரியும். அவர்களுடைய மூன்று வயது மகளுக்குக் காது பாம்புக் காது. அந்தச் சுட்டியை நாங்கள் வாலு என்போம். சாயங்காலம் சட்டை வேலை முடிந்ததும் காஜாக்காரி அங்கே போவாள். நானும் ஒட்டிக்கொண்டு போவேன்.

பூட்டுக்காரர் மனைவி கையால் சொல்வதை வாலு வாயால் எங்களுக்குச் சொல்லும். வாலு தொட்டிலில் கிடந்தபோதே வெறுமனே விரல்களை அசைத்து, அசைத்ததைத் தானே பார்த்துக்கொண்டிருக்குமாம். மற்றக் குழந்தைகள் 'பபப' என்று உளறுவதில்லையா, அதைப் போல. ஒரு வயதில், விரல் பிரிக்க வராமல், முழு முட்டியாலும் அம்மா என்று காட்டியதாம். வீடே கொண்டாடியதாம். நாற்பத்திரண்டு வயதில் ஒருத்தி விரல் தப்பினால் யார் கொண்டாடுவார்கள்? வாலு தரையில் புரண்டு சிரித்தது.

விரல்களைப் பொறுத்தவரை காஜாக்காரிக்குக் குறைவே இல்லை. எந்த வடிவம் காட்டினாலும் நூல் பிடித்தாற்போல் நிறுத்துவாள். தொல்லை வேறு இடத்தில் இருந்தது. அந்த மொழியில் பாதி முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்ந்தால்தான் கேள்வி. உயராவிட்டால் 'சாப்பிட்டாயா' என்பது 'சாப்பிட்டாய்' என்று ஆகிவிடும். முப்பது வருஷம் ஊசி முனையையே பார்த்து உறைந்த முகம் அவளுடையது. பூட்டுக்காரர் மனைவி தன் கட்டைவிரல்களால் அவள் புருவத்தை மேலே தள்ளிப் பார்ப்பாள். விட்டதும் அது இறங்கிவிடும்.

"அத்தை, அம்மா சொல்றாங்க, உங்க கை முழிச்சிருக்காம், மூஞ்சி தூங்குதாம்" என்றது வாலு.

இன்னொரு தொல்லை, மற்றவர்கள் சொல்வதைப் படிப்பது. இவள் ஒவ்வொரு தையலாகப் போடுகிற மாதிரி நிதானமாகச் சொல்வாள். பதில் கடகடவென்று வரும். மூன்றாவது சொல்லை இவள் பிடிப்பதற்குள் பத்தாவது போய்விடும். உடனே புரிந்தவள் மாதிரி தலையை ஆட்டிவிடுவாள்.

"புரியலைன்னா புரியலைன்னு சொல்லேண்டி!" என்று அதட்டுவேன்.

"எத்தனை தடவை டீச்சர் கேக்கறது? அவங்களுக்கும் கை வலிக்காதா?"

லீவுக்கு வருகிற மகள் அம்மாவின் முயற்சியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். கையைப் பின்னால் ஒளிப்பது நின்றது. ஆனால் அம்மாவிடம் பேசுவதென்றால், பச்சைக் குழந்தையிடம் பேசுவது மாதிரி பெரிசு பெரிசாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவாள். தண்ணீர். சாப்பாடு. தூக்கம். வா. மற்றதெல்லாம், சண்டை, சிநேகிதி, பரீட்சை, பயம், எல்லாமே பூட்டுக்காரர் வீட்டில்தான். காலையில் அங்கே போனால் இருட்டும்போதுதான் திரும்புவாள். காஜாக்காரி சட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து காஜா எடுப்பாள். உள்ளே மகளின் கைகள் பறக்கும். இவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பாள். வெளியே நிற்கிற ஒருத்தி வேறு வீட்டு ஜன்னலைப் பார்க்கிற பார்வை அது.

பெண்ணுக்குப் பத்தொன்பது ஆனபோது தூரத்து ஊரில் அச்சகம் ஒன்றில் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. காஜாக்காரி ஒரு மாதம் முன்பே என்னிடம் வந்தாள்.

"போறதுக்குள்ள அந்தக் கையுறையப் பத்திச் சொல்லிடணும் டீச்சர். தப்புன்னு சொல்லணும்."

"ஒரு காகிதம் குடு, நான் எழுதித் தரேன். அவ படிச்சுக்குவா."

"கையக் கட்டிப் போட்டுட்டு காகிதத்துல மன்னிப்பா? கையாலதான் கேக்கணும்."

பூட்டுக்காரர் மனைவியைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லிக்கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. அந்த வீட்டில் போய், 'என் குழந்தையின் கையைப் பையில் போட்டுப் பூட்டினேன்' என்று எப்படிச் சொல்வது? வெட்கம். வாலுவுக்கும் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். கண்ணாடிதான் அவளுக்கு வாத்தியார். நான் அருகிலிருந்து, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றேன். எனக்கு அவளைவிடக் கைமொழி அதிகம் தெரியும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் நான்.

கையுறைக்கு என்ன சைகை என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் இப்படிக் கோத்தாள்: நீ, சின்னவள். உன் கை. நான். பொத்தான், பொத்தான், பொத்தான். தப்பு. மன்னிப்பு. மணிக்கட்டில் பொத்தான் போடுவதை மட்டும் மூன்று முறை செய்து காட்டுவாள்.

ரயில் நிலையத்துக்கு நாங்கள் நாலு பேர் போனோம். வாலுவுக்குப் பதின்மூன்று வயது. பெட்டி தூக்க வந்தது. காஜாக்காரி கண் காட்டியதும், பாட்டிலில் தண்ணீர் பிடித்து வரச் சொல்லி நான் வாலுவைக் குழாயடிக்கு அனுப்பினேன். பெண் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போகிற பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது என்று வீட்டிலேயே தீர்மானம் செய்துகொண்டு வந்தவள் காஜாக்காரி. முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு கைகளை உயர்த்தினாள். ஒரு சொல் தவறவில்லை. நீ, சின்னவள். உன் கை. நான். பொத்தான், பொத்தான், பொத்தான். தப்பு. மன்னிப்பு. சிரிப்பு அப்படியே இருந்தது.

பெண் தன் மணிக்கட்டுகளைப் பார்த்தாள். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். புருவம் மேலே போயிற்று, விரல்கள் படபடத்தன. காஜாக்காரி தலையை ஆட்டினாள். விரல்கள் மறுபடியும் படபடத்தன. மறுபடியும் ஆட்டினாள். ரயில் நகர்ந்தது.

கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகு என் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன சொன்னா டீச்சர்? எனக்குப் பிடிபடல. நீங்க பாத்தீங்கல்ல?"

எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் வாய் தானாக ஓடியது.

"'நீ தச்ச கையுறை கதகதன்னுதாம்மா இருந்துச்சு. நான் எப்பவோ மறந்துட்டேன்'னு சொன்னாடி."

அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வாலு தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்று, ஊருக்குப் போன மகளை நினைத்து அத்தை அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டது.

பிறகு ஏழு மாதம் காஜாக்காரி உயிரோடு இருந்தாள். "கதகதன்னு இருந்துச்சாமே டீச்சர்" என்று சட்டைகளுக்கு நடுவிலிருந்து திடீரென்று சொல்வாள். கடிதம் போடலாமா என்று நான் ஒரு முறை கேட்டேன். "எதுக்கு? அதான் பேசி முடிச்சாச்சே" என்றாள். ஒரு நாள் காலையில், பாதி எடுத்த காஜாவில் ஊசி நிற்க, நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தாள். மாரடைப்பு.

மகள் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஜன்னலோரம் நின்று என்னிடம் ஏதோ கேட்டாள். நீளமாகக் கேட்டாள். எனக்குப் புரியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

ஒரு பொய் சொன்னேன். ஆனால் ஒரு தாய் நிம்மதியாகப் போனாள். இப்படி எழுதிக் கதையை முடித்துவிட்டு, தாள்களை வாலுவிடம் கொடுத்தேன். வாலு இப்போது கோர்ட்டில் காது கேளாதவர்களுக்கு மொழிபெயர்க்கிற உத்தியோகஸ்தி. எதிரில் உட்கார்ந்து படித்தாள். கடைசிப் பக்கத்திலிருந்து ரயில் நிலையப் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"கையுறையப் பத்தியா அது? எனக்கு இன்னிக்குத்தான் தெரியும், பாட்டி."

"ஏன், நீ குழாயடியில இல்ல நின்னே?"

"குழாயடியிலேருந்து அக்காவோட கை நல்லாத் தெரிஞ்சுது" என்றாள் வாலு. "அக்கா நீங்க எழுதின மாதிரி எதுவும் சொல்லல. 'என் சட்டைக் கைல பொத்தான் எல்லாம் சரியாத்தானே இருக்கு? சிரிச்சுக்கிட்டே எதுக்கு மன்னிப்புங்கறே? புரியலம்மா, இன்னொரு தடவை சொல்லு'ன்னா. ரெண்டு தடவை கேட்டா."