கடற்படைக் கைநூலில் என் ஒரு வரி

கடற்படை முகாமில் மாலுமிகளுக்குத் தமிழ் படிப்பிக்கப் போனபோது ஊரில் பாதிப் பேர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். மீதிப் பேர் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்டு வந்தார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

புதிய பயிற்சிக் கைநூலின் தமிழ்ப் பக்கங்களும் என் தலையில் விழுந்தன. மீன்பிடிப் படகைச் சோதிக்கும்போது என்ன கேட்பது, எப்படி நடப்பது என்று இருபது பக்கம். பழையதைப் பார்த்து எழுதுங்கள் என்று பயிற்சி அதிகாரி அலுமாரியைத் திறந்துவிட்டார். உள்ளே மூன்று கைநூல்கள். மூத்தது வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலப் புத்தகம். முடிச்சுப் போடுவது முதல் சப்பாத்து மினுக்குவது வரை எல்லாம் அதில் இருந்தது. அடுத்தது அதன் சிங்கள மொழிபெயர்ப்பு. கடைசி, யுத்த காலத்தில் ரோனியோ மெஷினில் அடித்துத் தைத்த மெல்லிய புத்தகம்.

மூன்றையும் வரி விடாமல் படித்தேன். காரணம் என் நானா, கூடப்பிறந்த அண்ணன். மாம்புரியில் படகு வைத்திருக்கிறார். போன வருடம் ஒரு பின்னேரம் கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டு அஸர் தொழுதுகொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் நேரம் வந்தால் படகிலேயே உட்கார்ந்து தொழுவார்கள். தொழுகையில் இருப்பவர் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். ரோந்துப் படகு மூன்று தடவை விசில் ஊதியது. நானா நெற்றியைப் பலகையில் வைக்க சுஜூதுக்குக் குனிந்தார். எதையோ ஒளிக்கிறான் என்று பாய்ந்து ஏறியவர்கள் கையை முறுக்கியதில் தோள்மூட்டு விலகிவிட்டது. அன்றைக்கே விட்டுவிட்டார்கள். தோள் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு அவர் கடலில் தொழுவதில்லை. அஸரைத் தவறவிட்டு, வீட்டுக்கு வந்து, நேரம் தப்பிய தொழுகையாகக் களாத் தொழுவார்.

யுத்த காலப் புத்தகத்தில் அந்த விதி இருந்தது: மூன்று விசிலுக்குப் பதில் தராத படகை எதிரிப் படகாகக் கொள்ள வேண்டும். முந்திய இரண்டிலும் அதே இடத்தில் வேறு வரி. வழிபாட்டில் இருப்பவர்கள் முடிக்கும்வரை தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கு எங்கள் மேல் பாசம் பொங்கி வழியவில்லை. இந்தக் கடலில் யார் போகிறார்கள் என்று எழுதியவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் எடுத்த வரியைத் திரும்பப் போட ஒருவருக்கும் கை வரவில்லை.

நான் போட்டேன். புத்தகம் அச்சாகி வந்தபோது அந்த வரி மட்டும் காணாமல் போயிருந்தது.

அன்று வகுப்பில் வேறு பாடம் நடத்தவில்லை. வரியைக் கரும்பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, புத்தகத்தில் உரிய பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சொன்னதைச் செய்து பழகியவர்கள். முப்பது பேரும் அழகாக எழுதினார்கள்.

மறுநாள் அதிகாரியின் மேசையில் முப்பது புத்தகங்களும் அடுக்கியிருந்தன. பக்கத்தில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மைப் போத்தல். கெட்ட மனிதர் இல்லை. எனக்குத் தேத்தண்ணி வரவழைத்துவிட்டுத்தான் சிங்களத்தில் கதையைத் தொடங்கினார்.

"மிஸ், இது அரசாங்கப் புத்தகம். எழுதினதை அழிச்சுப் போடுங்க. இல்லாட்டி நாளையிலிருந்து வர வேணாம்."

"அந்த வரி இல்லாமத்தான் என்ட நானாட தோள் விலகிச்சு, சேர். நான் அழிக்கமாட்டேன். நீங்களே அழிங்க. அவங்க படிச்சதை எப்படி அழிப்பீங்க?"

அவர் போத்தலின் மூடியைத் திருகினார். நான் தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வேலை போன கதையைச் சொன்னபோது நானா கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஏசுவார் என்றுதான் நினைத்தேன்.

"எத்தனை பேர் எழுதினாங்க?" என்று கேட்டார்.

"முப்பது."

"ரோந்துப் படகில ஆறு பேர்தான் வருவாங்க. ஒருத்தனுக்காவது ஞாபகம் இருக்கும்," என்றார். பிறகு வீட்டுக்குள் போய்த் தொழுகைப் பாயை எடுத்துவந்து படகில் வைத்தார்.